வெட்டிப் பார்த்த வட்டு

“ஏங்க... அது என் குடை.”

பின்னால் குரல் கேட்டபோது லெய் யின் தெருவைப் பாதி கடந்திருந்தாள். திரும்பவில்லை. மழை பிடித்துக்கொண்டால் பாவ்ஜி ஊர் முழுக்கக் கறுப்புக் குடைதான். எவனோ எவளையோ கூப்பிடுகிறான்... நமக்கென்ன.

சளக் சளக்கென்று ஓடி வரும் சத்தம். குரல் இப்போது காதருகில் கேட்டது.

“உங்களைத்தாங்க. மியான்பி கடை வாசல் பக்கெட்ல மாத்தி எடுத்துட்டு வந்துட்டீங்க.”

நின்று திரும்பினாள். நெட்டையாக ஒருவன். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. மூக்குக்கண்ணாடி முழுக்கத் துளிகள். உதட்டோரத்தில் மிளகாய் எண்ணெய். சாப்பாட்டைப் பாதியில் போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறான். கையில் ஒரு கறுப்புக் குடை... மடக்கியது மடக்கியபடியே.

“குடையைக் கையில வச்சிக்கிட்டு ஏன் நனையறீங்க? விரிச்சிக்க வேண்டியதுதானே?”

“இது என்னுது இல்லையே.”

சொன்னவன் சிரிக்கவில்லை. வேடிக்கைக்காகச் சொன்ன மாதிரியும் தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தான். அப்போதுதான் அவள் அந்தக் கண்களைப் பார்த்தாள். மழையில் கழுவி எடுத்த மாதிரி இருந்தன. பொய் சொல்லத் துணை செய்யாத கண்கள். இப்படி ஒரு ஜோடியை வைத்துக்கொண்டு இவன் எப்படிப் பிழைக்கிறான்...

தோற்றதை ஒப்புக்கொள்ளும் பழக்கம் அவளுக்கு இல்லை. எல்லாக் குடையும் ஒரே மாதிரி இருந்தால் யாருக்குத் தெரியும், பெயர் எழுதி வைத்திருக்கலாமே என்றாள்.

“எழுதியிருக்கே... மேல பாருங்க.”

பார்த்தாள். குடையின் உட்புறத்தில் வெள்ளை எழுத்தில், சியான் நகரத்து விமான எஞ்சின் ஆலை ஒன்றின் பெயர். அவளுக்குத் திக்கென்றது.

அந்த ஆலையிலிருந்து இன்று ஓர் ஆள் வருகிறார் என்று அவள் வேலை செய்யும் ஆலையின் மேனேஜர் ஷாங் ஒரு வாரமாகத் தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருந்தார். எஞ்சினுக்குள் சுழல்வதற்காக அவள் செய்த உலோக வட்டைச் சோதிக்க வரும் ஆள். வேண்டுமென்று தோன்றினால் அதை இரண்டாக வெட்டிப் பார்க்கும் உரிமை உள்ள ஆள்.

அந்த ஆள்தான் உதட்டோரம் மிளகாய் எண்ணெயோடு எதிரே நிற்கிறான்.

குடைகள் கைமாறின. அதற்குள் அவள் பிடிக்க வேண்டிய பஸ் தண்ணீரை வாரி இருவர் மீதும் அடித்துவிட்டுப் போய்விட்டது. உங்களால்தான் போனது என்று அவள் சொல்ல, குடையை மாற்றி எடுத்தது யார் என்று அவன் கேட்க, அந்தப் பேச்சிலேயே இருவரும் திரும்பக் கடைக்குள் வந்து உட்கார்ந்தார்கள். கடைக்கார ரென் அக்கா அவனுடைய பாதித் தட்டை ஓரமாக எடுத்து வைத்திருந்தாள். அவனைப் பார்த்தாள், பின்னாலேயே வந்தவளைப் பார்த்தாள். “குடையைத் தேடிப் போன தம்பி ஆளையே கூட்டிட்டு வந்துட்டாரு” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு மியான்பிக்கு மாவுப் பட்டையை நறுக்கப் போனாள்.

யின் இன்னொரு தட்டு வாங்கி மிளகாய் எண்ணெயை ஊற்றிக்கொண்டு, எதுவும் தெரியாதவள்போல, ஊருக்கு என்ன வேலையாக வந்தார் என்று கேட்டாள்.

பெயர் தாங் மோ என்றான். ஒரு டைட்டானிய வட்டைப் பார்க்க வந்திருக்கிறானாம். அடித்துச் செய்ததோ வார்த்துச் செய்ததோ இல்லையாம். லேசரால் தூளை உருக்கி, அடுக்கு அடுக்காக வளர்த்ததாம். அதிலும் நடுப்பகுதி ஒரு வகை டைட்டானியம், விளிம்பு சூடு தாங்கும் வேறு வகை. ஒரே உடம்பில் இரண்டு குணம். இதுவரை அவன் பார்த்தது எல்லாம் இரண்டும் சேரும் இடத்தில் பிளந்துகொண்டவைதான்.

“இதுவும் பிளக்கும்னு நினைக்கறீங்களா?”

“நான் எதுவும் நினைக்கல. மொத வட்டு பெரும்பாலும் வெட்டுக்குத்தான். வெட்டினா தெரிஞ்சிடும்.”

“செஞ்சவன் பாவம்.”

“பாவம்தான்... ஆனா ரொம்பத் திமிர் புடிச்சவனாம். அவங்க மேனேஜரே ஃபோன்ல சொன்னாரு. யார் என்ன சொன்னாலும் கேக்கவே மாட்டானாம்.”

யின் வாயிலிருந்ததை நெடுநேரம் மென்றாள். காரம் கண்ணில் ஏறியது.

“அப்படியா” என்றாள்.

*

ஆலை வாசலில் மேனேஜர் ஷாங் அவனைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். லேசர்க் கூடத்தின் கதவைத் திறந்தார். நீல அங்கியில், தலைமுடியைத் தொப்பிக்குள் திணித்துக்கொண்டு ஒரு பெண் நின்றாள்.

“இவங்கதான் வட்டு செஞ்ச லெய் யின்” என்றார் ஷாங்.

“அந்தத் திமிர் புடிச்சவன்” என்றாள் அவள்.

தாங் மோவின் காது இரண்டும் சிவந்தன. ஷாங்குக்கு ஒன்றும் புரியவில்லை. தேநீர்க் குவளையைத் திருகித் திறந்தார், குடிக்காமலே மூடினார்.

“காலையிலேயே சொல்லியிருக்கலாமே...” என்றான் தாங் மோ.

“சொல்லியிருந்தா இவ்வளவு நல்ல வார்த்தை எனக்குக் கிடைச்சிருக்குமா?”

அவன் மன்னிப்புக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “திமிர்னு சொன்னது அவரு... நான் இன்னும் முடிவு பண்ணல” என்றான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

வட்டு வெள்ளைத் துணிமேல் இருந்தது. இரண்டு கையாலும் தூக்க வேண்டிய அளவு. வெள்ளிப் பளபளப்பு. நீலமோ ஊதாவோ எங்கும் படரவில்லை. உருகும்போது துளி காற்று பட்டிருந்தாலும் டைட்டானியம் நிறம் காட்டிக் கொடுத்துவிடும். அவன் கையைக் கழுவிவிட்டு வந்து, “தொடலாமா?” என்று கேட்டான். வட்டு அவளுடையதாம், அவளைக் கேட்க வேண்டுமாம். ஆலைக்கு வந்து போன எத்தனையோ பெரிய மனிதர்களில் ஒருவர்கூட அப்படிக் கேட்டதில்லை.

பக்கத்து மேசையில் இன்னொரு வட்டு கிடந்தது. அதன் வயிற்றில் வளையமாக ஒரு விரிசல்.

“இது?”

“இதுக்கு முன்னாடி செஞ்சது. வெட்டறதுக்குன்னே செஞ்சேன். வெட்ட வேண்டிய வேலையே வைக்கல... அதுவா விட்டுப் போச்சு.”

“ஒளிச்சு வைக்கலையா?”

“எதுக்கு ஒளிக்கணும்? நான் பண்ணது.”

தப்பு எங்கே என்று அவளே சொன்னாள். இரண்டு தூள், இரண்டு கலன், இரண்டு குழாய். ஒன்றைக் குறைத்துக்கொண்டே மற்றதைக் கூட்ட வேண்டும். கட்டளை இந்த நொடி போடலாம்... ஆனால் தூள் குழாய் வழியாக வந்து லேசர் முனையில் விழ நேரமாகும். ஒரு குழாய் நீளம், மற்றது குட்டை. ஒன்று சீக்கிரம் வந்தது, மற்றது தாமதமாக வந்தது. நடுவில் ஒரு பட்டையில் இரண்டும் கணக்கு தப்பிக் கலந்துவிட்டன. திரையில் கோடு அழகாக இறங்கியது, உலோகத்தில் படியாக விழுந்தது. ஆறியதும் படி பிளந்தது.

“திரையைப் பாத்துக்கிட்டே இருந்துட்டேன். குழாயைப் பாக்கல” என்றாள். குரலில் வருத்தம் இல்லை. தன் வீட்டு எண்ணைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

அவன் அந்த விரிசலைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். கொஞ்சம் அதிகமாகவே பார்த்தான். நிறைய ஆலை பார்த்தவன். விரிசல் விட்டதைப் பெருக்கித் தள்ளிவிட்டு, நல்லதை மட்டும் துணி விரித்துக் காட்டுபவர்கள்தான் எங்கும். தன் தோல்வியைத் தலைநிமிர்ந்து மேசைமேல் வைத்திருக்கும் ஒருத்தியை இப்போதுதான் பார்க்கிறான்...

*

சோதனை நாட்கள் ஓடின. மழை விடவேயில்லை. வெய் ஆறு கலங்கிப் பெருகி ஓடியது.

அவன் வட்டை ஸ்கேன் செய்தான், எக்ஸ்ரே எடுத்தான். வட்டோடு கூடவே, அதே தட்டில், அதே தூளில் சின்னதாக ஒரு கட்டையும் வளர்ப்பார்கள். வட்டை வெட்ட முடியாதபோது அதற்குப் பதிலாக வெட்டிப் பார்க்க. சாட்சிக்கட்டை என்று பெயர். அதை வெட்டினான், இழுத்துப் பார்த்தான், உடைத்துப் பார்த்தான். குறை கிடைக்கவில்லை.

இடையில் அவள் வேறு ஒரு சிறிய வேலைக்கு இயந்திரத்தை ஓட்டினாள். காற்று புகாமல் ஆர்கான் வாயு நிரம்பிய பெட்டிக்குள் லேசர் இறங்கும் இடத்தில் ஒரு பொட்டு வெளிச்சம். பச்சைக் கண்ணாடி வழியே அவள் அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த வெளிச்சம் அவள் கண்ணுக்குள் சின்னப் பொட்டாக நகரும்... அவன் கண்ணாடிக்குள் பார்ப்பதுபோல நின்று அதைத்தான் பார்த்தான். அவளுக்குத் தெரியும். தெரியாதவள்போல இருந்தாள். கண்ணாடியில் அவன் முகமும் விழுகிறது என்பது அவனுக்குத்தான் தெரியவில்லை.

மதியம் கேன்டீனில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அவன் காரம் தாங்காதவன். சூப்பு நூடுல்ஸில் மிதக்கும் சிவப்பை ஓரம் தள்ளித் தள்ளிச் சாப்பிடுவான். சியான் ஆளுக்கு நாக்கு பஞ்சில் செய்ததா என்று கேட்பாள். நாக்கு ஒரே டைட்டானியம்தான், உங்களுடையதுபோலச் சூடு தாங்கும் விளிம்பு வைக்கவில்லை என்பான். அந்த மாதிரிப் பேச்சுக்குச் சிரிக்கிற ஆட்கள் உலகத்திலேயே கொஞ்சப் பேர்தான். அதில் இரண்டு பேர் ஒரே மேசையில் இருந்தார்கள்.

கடைசியில் ஒருநாள் காலை அவன் மேனேஜர் அறைக்குப் போய்ச் சொன்னான். ஸ்கேன் சுத்தம். சாட்சிக்கட்டை சுத்தம். எஞ்சினைச் சோதனை மேடையில் ஏற்றும் நாள் நெருங்கிவிட்டது. வட்டை வெட்ட வேண்டாம், அப்படியே அனுப்பலாம். விதியில் அதற்கு இடம் இருக்கிறது, முடிவு அவனுடையது.

ஷாங் குவளையை வைத்துவிட்டு அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். இரண்டு டைட்டானியம் ஒரே உடம்பாக, எஞ்சினுக்குள் போகும் முதல் வட்டு... இந்த ஆலையிலிருந்து. செய்தி கேட்ட யின் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்சம் அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு சாப்பிடப் போனாள்.

கேன்டீன் வரிசையில் அவளுக்கு முன்னால், முதுகைக் காட்டியபடி, காவ் மாஸ்டர் நின்றிருந்தார். சம்மட்டிக் கூடத்துக்காரர். டைட்டானியத்தைச் சுடச்சுட அடித்தே தலை நரைத்தவர். வட்டு வேலை இதுவரை அவர் கூடத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தது.

அவர் பக்கத்தில் நின்றவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“வட்டு எங்கப்பா பாஸாச்சு? அந்தப் பொண்ணோட கண்ணுதான் பாஸாச்சு. வந்த அன்னிக்கே மியான்பி கடையில ஜோடியா உக்காந்திருந்தாங்களாம்... ரென் அக்காவைக் கேட்டுப் பாரு.”

வரிசை சிரித்தது. யின் கையிலிருந்த தட்டை இருந்த இடத்தில் வைத்துவிட்டு வெளியே நடந்தாள்.

*

ஸ்கேன் அறையில் அவன் கருவிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான்.

கேன்டீனில் காதில் விழுந்ததைச் சொல்லிவிட்டு, “ஒரே ஒரு கேள்வி” என்றாள். “இதே வட்டை வேற ஒருத்தர் செஞ்சிருந்தா... காவ் மாஸ்டரே செஞ்சிருந்தாருன்னு வச்சிக்கோங்க. வெட்டாம விட்டிருப்பீங்களா?”

அவன் கையிலிருந்த கருவியைக் கீழே வைத்தான். விட்டிருப்பேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவள் நம்பியிருப்பாள், அல்லது நம்பியதாக நடித்திருப்பாள். ஆனால் அந்தக் கண்கள் அதற்குத் துணை வரவில்லை.

வெளியே மழை தகரக் கூரையில் கொட்டியது...

“தெரியல” என்றான் கடைசியில்.

“சரி. வெட்டுங்க.”

அவன் பதறிப்போனான். வெட்டினால் இந்த வட்டு இல்லை. இன்னொன்று வளர்த்து முடிப்பதற்குள் சோதனை நாள் போய்விடும். எஞ்சினில் பழைய வட்டையே பொருத்திவிடுவார்கள். அளவுகள் எல்லாம் சுத்தமாக இருக்கும்போது எவனோ சொன்னதற்காக ஒரு நல்ல வட்டைக் கொல்வதா என்று கேட்டான்.

“நல்ல வட்டுன்னு யாரு சொன்னது? நீங்க சொன்னீங்க. உங்களுக்கே தெரியலைங்கறீங்க.”

“வட்டு நல்ல வட்டுதான் யின். தெரியாதது என்னைப் பத்தி.”

பெயரை மட்டும் சொல்லி அவன் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவளுக்கு நெஞ்சு தளும்பியது. கோபம் இன்னும் அதிகமானது. இவனுடைய அந்த ‘தெரியல’ காதில் விழுந்தபோது உள்ளே ஒரு மூலையில் தித்தித்ததே... அந்த மூலையின் மீதும் சேர்த்துத்தான் கோபம்.

“எனக்கு யாரும் கருணை காட்ட வேணாம். கருணையில பறக்கற வட்டை நான் செய்யல” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஒப்படைக்கும் வரை வட்டு பாவ்ஜி ஆலையுடையது. வெட்டவும் வைக்கவும் மேனேஜர் சொன்னால் போதும். அவள் நேராக ஷாங்கிடம் போனாள். அவர் கேட்டுவிட்டு நாற்காலியில் பின்னால் சாய்ந்தார்.

“வெட்டிப் பாத்து நல்லா இருந்தா நமக்கு வட்டு இல்ல. நல்லா இல்லேன்னா நமக்கு நீ இல்ல... மேலிடத்துக்கு நான் என்ன பதில் சொல்றது? எப்படிப் பாத்தாலும் எனக்கு நஷ்டம். எதுக்கும்மா இது?”

“இன்னிக்கு வெட்டலேன்னா, இனிமே நான் எதைச் செஞ்சாலும் மொதல்ல என் மூஞ்சியைப் பாத்துட்டுத்தான் சார் அப்புறம் வேலையைப் பாப்பாங்க. அதுக்கு நான் இப்பவே போயிடறேன்.”

ஷாங் நெடுநேரம் தேநீர் குடித்தார். அவரும் லேத்தில் நின்று மேலே வந்தவர். குவளை காலியானதும், “வெட்டித் தொலை” என்றார்.

*

மறுநாள் வயர் கட்டிங் கூடத்தில் இடமில்லை. சும்மா வேலையாக வந்ததுபோல ஆளுக்கு ஒரு சாக்கு வைத்துக்கொண்டு எல்லாரும் நின்றார்கள். காவ் மாஸ்டர் எந்தச் சாக்கும் வைத்துக்கொள்ளவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு முன்வரிசையில் நின்றார்.

தாங் மோ கையில் மார்க்கரோடு வந்தான். இரவு முழுக்கத் தூங்காத முகம். குனிந்து வட்டைப் பார்த்தான். பிறகு அவளிடம், எல்லாருக்கும் கேட்கும்படிக் கேட்டான்.

“எந்த இடத்துல வெட்டினா உங்களுக்கு பயமா இருக்கும்?”

அவளுக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. வட்டைச் சுற்றி நடந்து வந்து ஓர் இடத்தில் விரலை வைத்தாள். இரண்டு தூளும் பாதிக்குப் பாதியாக மாறிக்கொண்டிருந்த அடுக்கில், ஆர்கான் சிலிண்டர் தீர்ந்து லேசரை நிறுத்தி, மறுபடி ஓட்ட வேண்டிவந்த இடம். வேறு யாருக்கும் தெரியாத இடம். அவள் சொல்லாவிட்டால் தெரிந்தும் இருக்காது.

அவன் அங்கேயே கோடு போட்டான்.

தலைமுடி போன்ற கம்பி பொறி பறக்க இறங்கியது. மெதுவாகத்தான் போகும். தண்ணீர் பால்போல வெளுத்து வழிந்தது. யாரும் சாப்பிடப் போகவில்லை. யின் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். உள்ளங்கை வேர்த்திருப்பதை மறைக்க அதுதான் வழி. இத்தனை மாதம் கூடவே வளர்ந்த ஒன்று, கண்ணெதிரே கொஞ்சம் கொஞ்சமாக இரண்டாகிறது... பெருமை என்கிறார்களே, அது வலிக்காது என்று யார் சொன்னது?

அறுபட்ட முகத்தைத் தேய்த்து, கண்ணாடிபோல மெருகேற்றி, அமிலத்தில் கழுவினார்கள். டைட்டானியத்தின் உள்ரேகைகள் அப்போதுதான் வெளியே வரும். விரிசலோ, தூள் கணக்கு தப்பிய பட்டையோ, எது இருந்தாலும் அங்கே கோடாகத் தெரிந்துவிடும்.

எல்லாரும் தாங் மோவைப் பார்த்தார்கள். அவன் பூதக்கண்ணாடியைக் காவ் மாஸ்டரிடம் நீட்டினான்.

“நீங்க பாருங்க மாஸ்டர். நான் பாத்தா செல்லாது.”

காவ் மாஸ்டர் வாங்கிக்கொண்டார். விளக்கை இழுத்துச் சாய்த்தார். நடுவிலிருந்து விளிம்பு வரை பார்த்தார். விளிம்பிலிருந்து நடு வரை திரும்பி வந்தார். அவள் விரல் வைத்த இடத்தில் வெகுநேரம் நின்றார். வட்டுப் பாதியைத் தலைகீழாகத் திருப்பி மறுபடி தொடங்கினார். அந்தக் கண்ணுக்குத் தப்பி ஒன்றும் போகாது, அது ஆலைக்கே தெரியும்.

“கோடு எங்க?” என்றார்.

வெட்டு முகத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

“இந்தப் பக்கம் ஒண்ணு... அந்தப் பக்கம் ஒண்ணு. நல்லாவே தெரியுது. நடுவுல எங்க மாறுதுன்னு மட்டும் சிக்க மாட்டேங்குது.” நிமிர்ந்து அவளைப் பார்த்தார். “அடிக்காமலே இப்படி வருமா?”

“வந்திருக்கே மாஸ்டர்.”

முதுகு தானாக நிமிர்ந்துகொண்டது. கட்டியிருந்த கையை இறக்கினாள். உள்ளங்கை காய்ந்திருந்தது.

அவர் பூதக்கண்ணாடியைத் துடைத்து மேசையில் வைத்தார். “நேத்து கேன்டீன்ல நான் பேசினது உன் காதுல விழுந்துச்சா?” என்று கேட்டார்.

“விழுந்துச்சு.”

“ம்” என்றார். கொஞ்சம் பொறுத்து, “நான் பேசியிருக்கக் கூடாது” என்றார். இந்த மனிதர் இதுவரை யாரிடமும் அப்படிச் சொன்னதாக ஆலையில் யாருக்கும் நினைவில்லை.

அதன் பிறகுதான் கூடம் வாய் திறந்தது. ஷாங் ஒரு பாதியைத் தூக்கிக்கொண்டு ஆளுக்காள் காட்டினார். யாரோ முதுகில் தட்டினார்கள். யின் சுற்றிலும் பார்த்தாள். தாங் மோ இல்லை.

*

அவன் நடைபாதைக் கூரையின் கடைசியில், மழைச் சாரலில், ஃபோனைப் பைக்குள் போட்டுக்கொண்டு நின்றிருந்தான். முகம் வெளுத்திருந்தது.

சியான் ஆலையில் பேசிவிட்டேன் என்றான். வெட்டியதைச் சொன்னானாம், சுத்தமாக இருப்பதைச் சொன்னானாம். வெட்ட வேண்டாம் என்று முடிவெடுத்தது தன் தப்பு என்பதையும் சொன்னானாம். சோதனையைத் தள்ளிப்போட முடியாதாம். இந்த எஞ்சினில் பழைய வட்டுதான் ஏறும். அவளுடையது அடுத்த எஞ்சினுக்கு.

“செஞ்சிடலாம்” என்றாள். உள்ளே சுருக்கென்றது, காட்டிக்கொள்ளவில்லை. “இனி வழி தெரியும்.”

“அதைப் பாக்க நான் வரமாட்டேன். வேற ஆளை அனுப்பச் சொல்லிட்டேன். ஒரு அம்மா வருவாங்க... ரொம்பக் கெடுபிடி. ஒரு புள்ளி விடமாட்டாங்க.”

அவளுக்குத் தலைக்கு ஏறியது.

“ஒரு தடவை நான் எதிர்த்துப் பேசினதுக்கு ஓடறீங்களா? உங்க பெருமைக்கு அவ்வளவு சீக்கிரம் காயம் பட்டுடுமா?”

“ஓடல.”

“அப்புறம் இதுக்கு என்ன பேரு?”

அவன் கண்ணாடியைக் கழற்றினான். சாரலில் அது ஏற்கெனவே பயனற்றுப் போயிருந்தது.

“நீங்க நேத்து கேட்டதுக்கு ராத்திரி முழுக்க யோசிச்சேன். அளவு சுத்தமா இருந்துச்சு... அதனால வெட்ட வேணாம்னேன். அந்த வட்டு முழுசா இருக்கணும்னு மனசும் ஆசைப்பட்டுச்சு... அதனாலயும் வெட்ட வேணாம்னேன். இதுல எது எங்க முடியுது, எது எங்க ஆரம்பிக்குதுன்னு என்னால பிரிச்சுப் பாக்க முடியல. பிரிக்கத் தெரியாதவன் உங்க வட்டுக்குத் தீர்ப்பு சொல்லக் கூடாது.” நிறுத்தினான். “ஏன் விலகறேன்னு எங்க ஆலைப் பெரியவரும் கேட்டாரு. அந்த வட்டைச் செஞ்ச பொண்ணை எனக்குப் பிடிச்சிருக்குன்னு சொன்னேன்.”



அவள் மனசுக்குள் எதுவோ மெதுவாக நிறம் மாறிக்கொண்டிருந்தது. எப்போது தொடங்கியது? கையிலிருந்த குடையை விரிக்காமல் நனைந்து நின்றானே, அப்போதா? தொடலாமா என்று கேட்டபோதா? அவளுக்கும் இடம் சொல்லத் தெரியவில்லை.

“உங்க பெரியவர்கிட்ட மொதல்ல சொல்லிட்டு, அப்புறம்தான் என்கிட்டயா?”

“முறைப்படி அவருக்குத்தான் முதல்ல...”

“கேக்கல” என்றாள்.

“என்ன கேக்கல?”

“இப்பச் சொன்னீங்களே... மழைச் சத்தத்துல சரியா கேக்கல. உள்ள வந்து சொல்லுங்க.”

அவன் புரியாமல் பார்த்தான். அவள் அவன் கையைப் பற்றி இழுத்துக்கொண்டு வயர் கட்டிங் கூடத்துக்குள் போனாள். ஷாங் இன்னும் பாதி வட்டைக் கையில் வைத்திருந்தார். காவ் மாஸ்டர் இன்னொரு பாதியை விளக்கில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இருவரையும் கண்டதும் பேச்சு ஒவ்வொன்றாக அடங்கியது. அவள் கை அவன் கையில் இருப்பதை எல்லாரும் பார்த்தார்கள். அவள் எடுக்கவில்லை.

“இங்க சொல்லுங்க. முதுகுக்குப் பின்னாடி பேச இனிமே யாருக்கும் எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது.”

தாங் மோவின் காதுகள் சிவந்தன. சுற்றிலும் இருந்த முகங்களைப் பார்த்தான். கண்ணாடி இல்லாததால் எல்லாம் கலங்கலாகத்தான் தெரிந்திருக்கும். அவள் முகம் மட்டும் தெளிவாகத் தெரிகிற தூரத்தில் இருந்தது.

“எனக்கு லெய் யின்னைப் பிடிச்சிருக்கு” என்றான். ஒரு குறையைப் பதிவு செய்கிறவனைப்போல, நிதானமாக, ஒவ்வொரு எழுத்தும் கேட்கும்படி. “அதனால இனிமே அவங்க வேலையைச் சோதிக்க எனக்கு யோக்கியதை இல்ல.”

யாரோ இருமினார்கள். ஷாங்கின் கையில் இருந்த பாதி வட்டு கனத்திருக்க வேண்டும், மேசையில் வைத்தார்.

யின் கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். தலை குனியவில்லை. குரல் தாழவில்லை.

“எனக்கும் இவரைப் பிடிச்சிருக்கு” என்றாள். “வட்டு அதுக்கு முன்னாடியே நல்லா வந்திருச்சு. வெட்டி வச்சிருக்கேன்... சந்தேகம் இருக்கறவங்க பாத்துக்கலாம்.”